“அவதானமாக இருங்கள்” என்று எழுதினேன், ஒருவருக்கும் விளங்கவில்லை: தண்ணீர் பழுதானால் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தை வாசி (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9.10

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் உள்ள தொடர்மாடியின் நிர்வாகக் குழுச் செயலாளர் நான். எட்டு மாடி, 32 வீடு. போன மாதம் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களிடம் ஓர் உதவியும் வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை, நிலத்தடித் தாங்கியின் மூடியைத் திறந்த காவலாளி, தண்ணீரில் ஒரு மாதிரி மணம் வருகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஒரு கிளாஸில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் அரிசி கழுவிய தண்ணீர் போல லேசான மங்கல். தாங்கிக்கு நாலடி தள்ளி மலசலக் குழாயின் மேன்ஹோல். முதல் நாள் இரவு நல்ல மழை. எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஆனால் குழுவில், “ரிப்போர்ட் வரட்டும். அதற்கு முதல் சொன்னால் சனம் பயந்துவிடும், வாடகைக்கு இருப்பவர்கள் வெளிக்கிட்டுவிடுவார்கள்” என்றார்கள். நானும் தலையாட்டினேன். மாதிரி எடுத்து ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அன்று பின்னேரம் லிப்டுக்குப் பக்கத்தில் நான் ஒட்டிய நோட்டீஸை அப்படியே போடுகிறேன்:

“எமது கட்டடத்தின் நிலக்கீழ் நீர்த்தாங்கியின் நீர் மாசடைந்திருக்கக்கூடும் எனச் சந்தேகிக்கப்படுவதால், குடியிருப்பாளர்கள் நீர்ப் பாவனையின்போது அவதானத்துடன் செயற்படுமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இரண்டாம் மாடியில் 78 வயது அம்மா ஒருவர் தனியே இருக்கிறார். மகளோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, அப்ப குடிக்கலாமோ, கூடாதோ?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் நோட்டீஸில் பதில் இல்லை. நான் “கொஞ்சம் கவனமா இருங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

வெள்ளி இரவு ஐந்தாம் மாடியில் நாலு வயதுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். சனி விடிய ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அன்று மத்தியானம் ரிப்போர்ட் வந்தது: மலத்திலிருந்து வரும் ஈ கோலைக் கிருமி இருக்கிறது. அதற்குள் இன்னும் மூன்று வீட்டில் வருத்தம். பிள்ளை இப்போது சுகம். ஆனால் அந்தத் தாய், “வியாழக்கிழமையே உங்களுக்குத் தெரியும் தானே அண்ணா?” என்று கேட்டது எனக்குள்ளேயே நிற்கிறது. தெரியும். நான் சொல்லவில்லை.

அடுத்த முறைக்கு இப்போதே ஒரு நோட்டீஸை எழுதி வைக்கப் போகிறேன். எங்கள் தாங்கிக்கு மட்டுமில்லை, நகரத் தண்ணீரிலேயே பழுது வந்தாலும் உதவ வேண்டும். என்ன எழுத வேண்டும், எப்போது ஒட்ட வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக் குடுவை, ஞாயிறு இரவு 10.02

தம்பி, நடந்ததை நடந்தபடி எழுதியதற்கு முதலில் நன்றி. நான் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். “ரிப்போர்ட் வரட்டும்” என்ற வசனத்தை வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அது ஏன் ஆபத்தானது என்று சொல்கிறேன்.

ஈ கோலையைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரை வடிகட்டி, வடிதாளைக் கிருமி வளர்க்கும் ஊடகத்தில் வைத்து, 44 பாகை சூட்டில் வளர விட வேண்டும். 18 முதல் 24 மணித்தியாலம் போகும். அந்தக் கிருமியை அவசரப்படுத்த முடியாது. மாதிரி கொண்டுபோகும் நேரம், வார இறுதி எல்லாம் சேர்த்தால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் சனம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும். ரிப்போர்ட் வருவது, நேற்று என்ன குடித்தோம் என்று அறிவதற்கு. இன்று என்ன குடிப்பது என்பதை அதற்கு முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

உங்களிடம் அந்த வியாழன் காலையிலேயே போதிய சாட்சி இருந்தது. மணம், மங்கல், பக்கத்தில் மேன்ஹோல், மழை. இன்னொன்றும் செய்திருக்கலாம்: கிருமி கொல்லப் போட்ட குளோரினில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பது. ஒரு குழாயில் தண்ணீரை எடுத்து மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும், இரண்டு நிமிட வேலை. விநியோகக் குழாயில் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும். வீதிக் குழாயில் நிறம் வந்து தாங்கியில் வராவிட்டால், குளோரினை எதோ ஒன்று தின்றுவிட்டது என்று அர்த்தம். மீட்டர் வரைக்கும்தான் நீர் வழங்கல் சபையின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம், தாங்கியும் மேல் டேங்கும் உங்கள் பொறுப்பு. அதனால் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

பெரிய இடங்களிலும் இதே பிழை நடந்திருக்கிறது. 1988 யூலை 6ஆம் திகதி, இங்கிலாந்தின் கோர்ன்வோலில் கமல்போர்ட் என்ற ஊரின் சுத்திகரிப்பு நிலையத்தில், ஒரு லொறிச் சாரதி 20 தொன் அலுமினியம் சல்பேற்றைப் பிழையான தாங்கியில் கொட்டிவிட்டார். கலங்கலை அடியில் படிய வைக்க நாங்களும் பயன்படுத்தும் அதே அலம்தான். ஏறக்குறைய 20,000 பேருக்கு அந்தத் தண்ணீர் போனது. வாய் புண்ணாகிறது என்று சனம் தொலைபேசியில் கத்தியபோது, குடிக்கலாம், பழச்சாறு கலந்தால் சுவை தெரியாது என்று பதில் வந்தது. என்ன கலந்தது என்று பொதுமக்களுக்குச் சொல்ல 16 நாள் எடுத்தது. அதுவும் பத்திரிகையில் ஒரு விளம்பரமாக. அந்த ஊர்க்காரர் பிறகு எந்த உத்தியோகத்தரின் பேச்சையும் நம்பவில்லை, உண்மை சொன்னவர்களையும் சேர்த்து.

ஆனால் ஒரு விஷயம். கலங்கலைப் பார்த்துத்தான் எச்சரிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நீர்வெட்டு முடிந்து வரும் முதல் தண்ணீர் மண்ணிறமாக இருப்பது பெரும்பாலும் பழைய இரும்புக் குழாயின் துரு. கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் தெளியும். மற்றப் பக்கம், பளிங்கு போல இருக்கும் தண்ணீரில் நைத்திரேற்றோ ஈயமோ இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ஜம்பட்டா, ஞாயிறு இரவு 10.40

ஐயா சொல்வது சரி. ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். கோபிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்தில் (நெருக்கமான சின்ன வீடுகளின் குடியிருப்பு) பதினெட்டுக் குடும்பத்துக்கு இரண்டு பைப். “குடிக்க வேண்டாம்” என்று சொல்வது ஒரு நிமிட வேலை. பிறகு எதைக் குடிப்பது? ஒரு நாளைக்கு ஐந்து லீட்டர் போத்தல் இரண்டு வாங்கினால் நாட்சம்பளத்தில் ஒரு துண்டு போய்விடும். “கொதிக்க வையுங்கள்” என்றால் அது காஸ். காஸ் விலை எல்லோருக்கும் தெரியும். சில வீடுகளில் சோறு ஆக்கவே காஸை எண்ணி எண்ணிப் பற்ற வைக்கிறார்கள்.

இன்னொரு அனுபவம். ஒருநாள் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. களனி கங்கையில் நஞ்சு கலந்துவிட்டது, ஒருவரும் பைப்பைத் திறக்காதீர்கள் என்று. யார் பேசியது என்று தெரியாது, திகதி இல்லை, இடம் இல்லை. பதினொரு மணிக்குக் கடையில் ஒரு போத்தல் மிச்சமில்லை. கடைசிப் பெட்டியை இரட்டை விலைக்கு விற்றார்கள். பிள்ளைகள் தாகத்தோடு படுத்தன. விடிந்தால் ஒன்றுமில்லை, பொய். மூன்று மாதம் கழித்து உண்மையான அறிவித்தல் ஒன்று வந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒருத்தரும் அசையவில்லை. “அன்றைக்கும் இப்படித்தான்” என்றார்கள்.

ஆகவே சும்மா சும்மா எச்சரித்தால் எச்சரிக்கையே செத்துவிடும். அதையும் யோசியுங்கள்.

வெள்ளவத்தை வாசி, ஞாயிறு இரவு 10.55

யோசிக்கிறேன், சகோதரம். நீங்கள் சொன்னதில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். மாற்றுத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று எழுதாத நோட்டீஸ் அரை நோட்டீஸ். யார் சொல்வது, எந்த நேரம் சொன்னது என்று இல்லாவிட்டால் அது அந்தக் குரல் பதிவுக்குச் சமம்.

மல்லாகத்தான், திங்கள் காலை 6.30

நான் இப்போது பம்பலப்பிட்டியில். ஊர் மல்லாகம், சுன்னாகம் மின்நிலையத்துக்குக் கிட்ட. இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீர்தான் எல்லாம். ஒரு கிணற்றில் விழுந்தது இன்னொரு கிணற்றுக்குப் போகும். 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் ஒயில் வந்தது. வாளியைத் தூக்கினால் மேலே வானவில் மாதிரிப் படலம். விறாந்தையில் வைத்த செம்பிலும் அந்த மணம்.

அப்போது நடந்ததில் எனக்கு மறக்காதது ஒயில் இல்லை, கதைகள்தான். ஒரு தரப்பு குடிக்கக் கூடாது என்றது. இன்னொரு தரப்பு ஆபத்தான அளவில் ஒன்றும் இல்லை என்றது. எந்தக் கிணற்றில், எந்தத் திகதியில், எதைத் தேடிப் பரிசோதித்தார்கள் என்று எங்கள் ஒழுங்கைக்கு வந்து சொன்னவர் இல்லை. ஒரு நாள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும், மறுநாள் வராது. வராத நாளில், அப்ப தண்ணி நல்லாயிட்டுது போல என்று சனம் தானாகவே முடிவெடுக்கும். கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, மின்நிலையத்தை நடத்திய கம்பெனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. அதற்குள் நாலு வருடத்துக்கு மேல்.

என் அம்மா அந்த நாட்களில் என்ன செய்தார் தெரியுமா? ஒயில் மணக்கும் தண்ணீரைக் கேத்திலில் ஊற்றி, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியால் வடித்துக் குடித்தார். “என்னம்மா செய்யிறீங்க?” என்று கேட்டால், “கொதித்தாறிய நீர் தானேடா” என்றார். ஆஸ்பத்திரிச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், ரேடியோ எல்லாம் ஐம்பது வருடமாகச் சொல்லித் தந்த சொல் அது. கொலராவுக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் அது சரியான மருந்து, எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். ஆனால் ஒயிலுக்கு? கொதிக்கும்போது ஆவியை மூச்சிலும் எடுத்தார், மிச்சத்தை வயிற்றிலும் எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் நைத்திரேற்றும் இருக்கிறது, தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்தது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். அதைக் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். நைத்திரேற்று அப்படியே நின்று இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் உடம்பு நீலமாகும் வருத்தம் வரலாம்.

என் ஒரே கோரிக்கை இதுதான். நோட்டீஸில் “கொதிக்க வைத்தால் சரி” அல்லது “கொதிக்க வைத்தாலும் சரிவராது”, இந்த இரண்டில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் எங்கள் சனம் கொதிக்க வைக்கும். நிச்சயமாக.

கண்ணாடிக் குடுவை, திங்கள் காலை 7.05

மல்லாகத் தம்பி சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். கொழும்பிலும் அதே கதை நடந்தது. 2015 ஆகஸ்டில் களனி கங்கையில் டீசல் கலந்து, நீர் விநியோகத்தை நிறுத்தி வைத்தார்கள். கொழும்புக்குத் தேவையான தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையிலும் பியகமையிலும் களனியிலிருந்துதான் எடுக்கிறோம். லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்கள் மிச்சத்தைத் தருகின்றன. ஆற்றில் ஒன்று விழுந்தால் அரைத் தலைநகரத்தின் கேத்திலில் விழுந்த மாதிரி. அந்த நாட்களில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, “ஐயா, எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?” என்பதுதான்.

வறட்சியில் அம்பத்தளை வரை கடல்நீர் ஏறும் காலத்திலும் அப்படித்தான். உப்பைக் கொதிக்க வைத்தால் இன்னும் உப்பு. பிரஷர் உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் அது தனியாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இரவுக் கடமை, திங்கள் காலை 8.20

தாதியாக இருக்கிறேன், சிறுவர் வார்டில். இப்போதுதான் கடமை முடிந்து வந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றோட்டத்தோடு வரும் தாய்மாரிடம், “அறிவித்தல் வந்ததே, தெரியாதா?” என்று கேட்டால், “தெரியும் மிஸ், பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கவில்லை” என்பார்கள். உண்மைதான். குடிக்கக் கொடுக்கவில்லை. ஆனால் பல்லுத் துலக்கியது பைப் தண்ணீரில். வல்லாரையைக் கழுவிச் சம்பல் போட்டது பைப் தண்ணீரில். பால்போத்தலைக் கடைசியாக அலசியது அதே தண்ணீரில். முந்தநாள் வைத்த ஐஸ் பிரிட்ஜில் இருந்தது. “குடிக்க வேண்டாம்” என்றால் எங்கள் மனதில் கிளாஸும் செம்பும்தான் வருகிறது. சம்பல் வராது.

அதனால் தண்ணீரைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். பல் துலக்க, பால்மா கரைக்க, பச்சையாகச் சாப்பிடும் இலை, பழம் கழுவ, ஐஸ் வைக்க: கொதித்தாறிய நீர். சோறு, கறி நன்றாகக் கொதிப்பதால் பிரச்சினையில்லை. குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், ஆனால் சின்னப் பிள்ளை வாயைத் திறந்தபடி குளிக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக்கு ஒரு வார்த்தை: கேத்தில் சத்தம் போட்டவுடன் இறக்குபவர்கள் இருக்கிறார்கள். கொப்பளித்துக் கொதிக்க வேண்டும். கொழும்பு மாதிரிக் கடல்மட்டத்து ஊருக்கு அப்படி ஒரு நிமிடம் போதும், இருபது நிமிடம் வைத்துக் காஸைக் கரைக்க வேண்டாம். ஜம்பட்டா அண்ணாவின் தோட்டத்துக்கு இது உதவும்.

கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் முதல் நோட்டீஸிலேயே சேர்த்துவிடுங்கள். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் எல்க் ஆற்றில் ஓர் இரசாயனம் கசிந்து, ஏறக்குறைய 300,000 பேருக்குத் தண்ணீரைத் தொடவே வேண்டாம் என்றார்கள். நாலைந்து நாளில் இனிப் பயன்படுத்தலாம் என்று பகுதி பகுதியாக அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு, கர்ப்பிணிகள் மட்டும் இன்னும் குடிக்காமல் இருப்பது நல்லது என்று இன்னோர் அறிவிப்பு. அதற்கு இடையில் குடித்துவிட்ட ஒரு கர்ப்பிணியின் இரவு எப்படிப் போயிருக்கும்? அந்தப் பயத்தோடு வரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், வேறு காரணங்களுக்கு. மருந்து கொடுத்துத் தீர்க்க முடியாத பயம் அது.

கடைசியாக ஒன்று. நோட்டீஸின் அடியில் ஜீவனி பக்கெட் (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) பற்றி ஒரு வரி போடுங்கள். பிள்ளைக்கு வயிற்றால் போனால், கொதித்தாறிய நீரில் ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று. பலர் ஒன்றும் கொடுக்காமல் வாடவிட்டுக் கொண்டுவருகிறார்கள்.

ஸ்காபரோ, திங்கள் மாலை 5.45

கொட்டாஞ்சேனையில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே ஒன்ராறியோவில் வோக்கர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர், ஐயாயிரம் பேர் அளவில். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டெரு ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் செத்தார்கள், 2,300 பேர் அளவில் வருத்தப்பட்டார்கள். தண்ணீருக்குப் பொறுப்பானவர்களின் கையில் மே 17ஆம் திகதியே தண்ணீர் பழுது என்று காட்டிய ரிப்போர்ட் இருந்தது. சுகாதார அலுவலகம் திரும்பத் திரும்பக் கேட்டபோதும், தண்ணீர் நல்லது என்று சொன்னார்கள். 21ஆம் திகதி சுகாதார அதிகாரி, யாருடைய ரிப்போர்ட்டுக்கும் நிற்காமல், நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கொதிக்க வைக்கும்படி அறிவித்தார்.

ஜம்பட்டா அண்ணா, உங்கள் கேள்விக்கு இது ஒரு பதில் என்று நினைக்கிறேன். அவருடைய கையிலும் முழுச் சாட்சி இல்லை. பிழைத்திருந்தால் ஒரு ஊர் இரண்டு நாள் வீணாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அவருடைய அறிவித்தலிலும் ஒரு குறை இருந்தது. உள்ளூர் ரேடியோவில் சொன்னார்கள். நீண்ட வார விடுமுறை, ரேடியோ கேட்காதவர்கள் நிறைய. வீடு வீடாகத் தாள் போகவில்லை. அதனால் அன்றைக்கும் அடுத்த நாளும் தெரியாமலே பலர் குடித்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் அதைக் குறிப்பிட்டு எழுதினார்கள்.

கொலன்னாவை உம்மா, திங்கள் இரவு 8.15

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லோருக்கும். ரேடியோ பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

2016 மே வெள்ளத்தில் களனி பெருகி எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. அந்த நேரத்தில் யார் எதை இணையத்தில் போட்டிருந்தாலும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மட்டும்தான். பஜ்ர் தொழுகைக்குப் பிறகு ஒரு குரல், தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம்: கிணற்றுத் தண்ணீரை யாரும் எடுக்க வேண்டாம், போத்தல் தண்ணீர் பள்ளி வாசலில் இருக்கிறது, எந்த மதத்தவரும் வந்து எடுங்கள், அடுத்த அறிவித்தல் ளுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு. அவ்வளவுதான். ளுஹருக்குப் பிறகு சொன்னபடி சொன்னார்கள், “புதுச் செய்தி ஒன்றும் இல்லை, காலையில் சொன்னதே தான்” என்று. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ எங்களை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிஎச்ஐ மாத்தயா, வந்து கிணற்றை இறைக்கச் சொல்லி, குளோரின் போட்டார். அந்த மணம் வந்ததும் பக்கத்து வீட்டு மாமி, மருந்து அடித்த தண்ணீர் என்று கீழே ஊற்றிவிட்டுப் பழைய பீப்பாய்த் தண்ணீரைக் குடிக்கப் போனார். பிஎச்ஐ நின்று, “இந்த மணம் வந்தால்தான் கிருமி செத்தது என்று அர்த்தம், மணம் இல்லாததுதான் பயம்” என்று சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு மாமி ஊற்றவில்லை.

மருதானை மாணவன், திங்கள் இரவு 9.00

உம்மா சொன்ன மொழி விஷயம் முக்கியம். சிங்கள அறிவித்தல் காலையில், தமிழ் அறிவித்தல் அடுத்த நாள் என்றால் அது தாமதம் மட்டுமில்லை, அந்த இடைவெளியில் குடித்த தண்ணீர். தமிழும் அரசகரும மொழி, கேட்டு வாங்க வேண்டிய தயவு இல்லை.

சட்டம் படிப்பவன் என்பதால் இன்னொன்று: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். உங்கள் பகுதித் தண்ணீரின் பரிசோதனை முடிவுகளை எழுதிக் கேட்கலாம். ஓர் ஆளின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட கோரிக்கை என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அந்தக் காரணத்தை எழுத மறக்காதீர்கள்.

வெள்ளவத்தை வாசி, செவ்வாய் இரவு 9.30

எல்லாவற்றையும் இரண்டு நாள் இருந்து வாசித்தேன். இப்படி எழுதி வைத்திருக்கிறேன், திருத்துங்கள்:

“இந்தத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம்.
வியாழன் காலை 8 மணி. எழுதியது: செயலாளர், வீடும் தொலைபேசி இலக்கமும் கீழே.
நிலத்தடித் தாங்கிக்குள் மலசலத் தண்ணீர் போயிருக்கலாம் என்று நினைக்கிறோம். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்காமல் சொல்கிறோம்.
கொதிக்க வைத்தால் சரி. கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீரைக் குடிக்க, பல் துலக்க, பால்மா கரைக்க, இலையும் பழமும் கழுவ எடுங்கள். பிரிட்ஜில் உள்ள ஐஸைக் கொட்டுங்கள். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம்.
கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் உள்ள வீடுகளுக்குப் போத்தல் தண்ணீர் தருகிறோம், காவலாளியிடம் வாங்குங்கள். பணம் இல்லை.
நேற்றிலிருந்து குடித்தவர்களுக்கு வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் வந்தால் ஜீவனி கொடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள்.
அடுத்த செய்தி இன்று மாலை 6 மணிக்கு. புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் சொல்வோம்.”

இதற்குக் கீழே சிங்களத்தில் எழுத நாலாம் மாடி ஐயா ஒத்துக்கொண்டிருக்கிறார். வேலைக்கு வரும் பெண்களில் பலர் சிங்களம் வாசிப்பவர்கள், சமையலறையில் நிற்பவர்களும் அவர்கள்தான்.

மல்லாகத்தான், செவ்வாய் இரவு 9.48

நன்றாக இருக்கிறது அண்ணை. ஆனால் இரண்டாவது ஒன்றையும் வேறு நிறத் தாளில் எழுதி வையுங்கள், ஒயில், இரசாயனம் வந்தால் ஒட்ட: “கொதிக்க வைத்தாலும் சரிவராது. பவுசர் தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீர் மட்டும்.” அதில் சமையலும் கூடாது என்று போட வேண்டும்.

இரவுக் கடமை, செவ்வாய் இரவு 10.10

“ஆறிய தண்ணீரை மூடி வையுங்கள், கை விட்டு அள்ள வேண்டாம்” சேர்த்துவிடுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரில் செம்பைக் கையோடு முக்கினால் எல்லாம் வீண்.

கண்ணாடிக் குடுவை, புதன் காலை 6.50

முடிவையும் எழுதி வையுங்கள் தம்பி, அதை எல்லோரும் மறக்கிறார்கள். தாங்கியை இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, திரும்பப் பரிசோதித்து, அந்த முடிவின் பிரதியையே ஒட்டுங்கள். மேல் டேங்கில் பழைய தண்ணீர் நிற்கும். அதையும் கழுவி, ஒவ்வொரு வீட்டிலும் எல்லாப் பைப்பையும் திறந்து ஓட விடச் சொல்லுங்கள், பில்டரின் உள்வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள். பழைய நோட்டீஸைக் கழற்றிவிடுங்கள். வீதிக் குழாயிலேயே பிழை என்று சந்தேகம் வந்தால் சபையின் 1939க்கு அடித்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி அதையும் நோட்டீஸில் போடுங்கள்.

“பீதியடைய வேண்டாம்” என்ற வசனத்தை நீங்கள் எழுதாமல் விட்டது நல்லது.

ஜம்பட்டா, புதன் காலை 7.30

இந்த நோட்டீஸை எங்கள் தோட்டத்துக்கு எடுக்கிறேன். இரண்டு பைப்புக்கும் மேலே சுவரில் ஒட்டுவேன். விறகு அடுப்பு உள்ள இரண்டு வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துக் கொதிக்க வைக்கலாம் என்று இன்று காலை கேட்டேன், சரி என்றார்கள்.

வெள்ளவத்தை வாசி, புதன் இரவு 8.40

திருத்தியதை அச்சடித்து, இன்று பின்னேரம் இரண்டாம் மாடி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒரு தரம்தான் வாசித்தார். “இப்ப விளங்குது தம்பி. அப்படியே குடிக்கக் கூடாது, கொதிக்க வைக்கோணும்” என்றார். பிறகு தாளை மடித்து என் கையிலேயே தந்து, “ஆனா நான் மகள் வந்தால்தான் கீழ இறங்கிறது. நீங்கள் இதை லிப்டடியில ஒட்டினால் எனக்கு ஆர் வந்து சொல்லுவினம்?” என்று கேட்டார்.

குழுவோடு பேசினோம். தனியாக இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், வட்ஸ்அப் இல்லாதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்று பார்த்ததில் ஒன்பது வீடு வருகிறது. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் யார் தட்டுவது என்று பெயர் எழுதி, காவலாளியின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறோம். இரண்டாம் மாடி என்னுடையது.